சிதறால் பாறையில் நிரப்பிய படிவங்கள்

அடுத்த வாரம் நீங்கள் ஏழு பேரும் களத்துக்குப் போகிறீர்கள். போவதற்கு முன் உங்களுக்கு எதையாவது எழுதித் தரும்படி துறையில் கேட்டார்கள். கேள்விகளை எப்படி அமைப்பது, யாரைத் தேர்ந்தெடுப்பது, பதில்களை எப்படி வகைப்படுத்துவது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதில் பாதியை எழுதியவளே நான்தான். அதையே திரும்பச் சொல்லி உங்களைச் சோதிக்க மாட்டேன். இந்த மாவட்டத்தில் மனிதர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள், எப்படித் தனித்துப் போகிறார்கள் என்று முப்பத்தோரு வருடம் ஆராய்ந்தவள் நான். அப்படிப்பட்டவள், கூடவே நடந்த ஒருத்தியை எப்படிப் பார்க்காமல் போனேன் என்பதை மட்டும் சொல்கிறேன். 

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசிப் பெரிய ஆய்வு அது. இராஜாக்கமங்கலம் பக்கம் கடலோரத்தில் ஒரு பகுதி, நாஞ்சில் நாட்டு வயல் கிராமங்களில் ஒரு பகுதி, மேற்கே சிதறாலைச் சுற்றி ஒரு பகுதி என்று மூன்று இடங்களை எடுத்திருந்தோம். தனியாக வசிக்கும் நடுவயதினரையும் முதியவர்களையும் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துப் பேச வேண்டும். மூன்று கள ஆய்வாளர்கள். சிதறால் பகுதியை சைலஜாவிடம் கொடுத்தேன். இது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்க டீச்சர், வேற பேரு போட்டா போரும்" என்று சொல்லி இந்தப் பெயரையும் அவளே கொடுத்தாள்.

அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. மார்த்தாண்டம் பக்கத்தில் வாடகை வீடு. கணவர் வளைகுடாவுக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. முதலில் பணமும் கடிதமும் வந்தன, பிறகு போன் மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது. பிள்ளைகள் இல்லை. அண்ணன் ஒருவர் இருந்தும் பேச்சுவார்த்தை இல்லை. இதையெல்லாம் நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் நேரம் தவறாதவள், எழுத்து அழகாக இருக்கும், சாயாவில் சீனி போடமாட்டாள் என்பது மட்டுமே. மூன்று ஆய்வுகளில் என்னோடு வேலை செய்தவள். எத்தனையோ நாள் ஒரே வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து பயணம் செய்திருக்கிறோம். சந்திப்பில் இறக்கி விட்டிருக்கிறேனே தவிர, அங்கிருந்து அவள் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டதில்லை.

பயிற்சி நாளில் ஒன்று நடந்தது. நாங்கள் தயாரித்த படிவத்தில் 'நீங்கள் தனிமையாக உணர்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி இருந்தது. சைலஜா கையைத் தூக்கினாள்.

"தனிமையா இருக்கியளாண்ணு கேட்டா ஆளு சிரிக்கும் டீச்சர். இல்லேண்ணு சொல்லி கதவ அடைச்சிரும். தீனம் வந்தா முதல்ல யாரிட்ட சொல்லுவியண்ணு கேளுங்க. அதுக்கு பதில் சொல்லித்தான் ஆவணும்."

நோய் வந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள். எவ்வளவு எளிமையான கேள்வி! அந்த இடத்திலேயே படிவத்தில் சேர்த்தேன். பிறகு போன கூட்டங்களிலெல்லாம் அதை என்னுடைய கண்டுபிடிப்பு போலவே பேசினேன். இவளுக்கு எங்கிருந்து இந்தக் கேள்வி வந்தது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

இரண்டு மாதத்தில் படிவங்கள் வந்து சேர்ந்தன. காகிதம் இல்லை, டேப் என்கிற கைக்கணினியில் நிரப்புவதுதான். மற்ற இருவர் அனுப்பியவை வழக்கம்போல் இருந்தன. 'ஆம், இல்லை, தெரியாது', கடைசியில் ஒரு வரி. சைலஜாவின் படிவங்களோ என்னைத் தூங்கவிடவில்லை. கடைசியில் 'வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா' என்று ஒரு கட்டம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு வரிக்கு மேல் யாரும் நிரப்பாத கட்டம் அது. அவளுடைய படிவங்களில் அது நிரம்பி வழிந்தது.

ஒரு பெண் சொன்னதாக இருந்தது: "சோறு வடிக்கும்போ ஒரு ஆளுக்கு அரிசி எவ்வளவுண்ணு இப்பமும் பிடி கிட்டல. எப்பமும் கூடிப் போவுது."

இன்னொருவர்: "ஃபேன் சத்தம் கேக்கது வரைக்கும் ஆளு இருக்கது போல இருக்கும். கரண்ட் போனா வீட்டுக்குள்ள நானும் இல்ல."

இன்னும் ஒரு பெண்: "பேசாம இருந்து இருந்து எனக்க சத்தமே எனக்கு புதுசா கேக்குது. கடைல சாமான் கேக்கும்போ நானே ஞெட்டிப் போறேன்."

ஆய்வுக்கு உதவி செய்த அமைப்பிலிருந்து ஆட்கள் வந்தபோது நாகர்கோவிலில் எங்கள் கல்லூரி அரங்கில் ஒரு கூட்டம் வைத்தோம். இந்த மூன்றையும் நான் வாசித்தேன்.  முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இந்த வார்த்தைகளை மக்களிடமிருந்து வாங்கி வந்தவர் இங்கேதான் இருக்கிறார்" என்று சொல்லி சைலஜாவை முன்னால் கூப்பிட்டேன். அவள் பின்னால் சாயா தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. தட்டைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"டீச்சர், சாயா ஆறிரும்" என்றாள்.

அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து, அறிக்கை அனுப்ப மூன்று நாள் இருக்கும்போது, புள்ளியியல் துறையில் எனக்கு உதவி செய்துகொண்டிருந்த நண்பர் தன் அறைக்குக் கூப்பிட்டார். படிவம் எந்த இடத்தில் நிரப்பப்பட்டது என்பதை டேப் தானாகவே பதிவு செய்யும். நாங்கள் யாரும் அதுவரை அதைப் பார்த்ததில்லை. அவர் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"டீச்சர், இஞ்ச பாருங்க. சைலஜாவுக்க முதல் பன்னிரண்டு படிவமும் வீடுவீடா இருக்கு. அதுக்கப்புறம் உள்ள முப்பத்தெட்டும் ஒரே இடம்."

"அவளுக்க வீடா?"

"வீடில்ல. சிதறால் மலை. அங்க வீடே கிடையாதுல்லா. வெறும் பாறைதான்."

சமணர் காலத்துக் குடைவரை இருக்கும் குன்று அது. ஏறிப் போகும் வழியெல்லாம் கொல்லாமரம், அதாவது முந்திரி. சுற்றுலாவுக்கு வருகிறவர்களைத் தவிர அங்கே யாரும் இல்லை. முப்பத்தெட்டு மனிதர்களை அங்கே வரவழைத்துப் பேசியிருக்க முடியாது. யாரையுமே பார்க்காமல் அவளே உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். அரங்கில் நான் வாசித்த மூன்றும் அந்த முப்பத்தெட்டில்தான் இருந்தன.

 அப்புறம் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உங்களுக்காகச் சொல்ல வேண்டும். நண்பரிடம் கேட்டேன்: "இந்த இடத்துக்க விவரத்த வேற யாராவது பாப்பாங்களா?"

 அவர் கணினியை அணைக்காமல், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். நான் அந்த அறையில் தனியாக, புள்ளிகள் குவிந்து கிடந்த வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்று நாள்தான் இருக்கிறது, யாருக்கும் தெரியாது, அறிக்கையை அனுப்பிவிடு என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனம் என்னுடையதுதான். இந்தத் தொழிலில் உங்களுக்கும் ஒரு நாள் அது பேசும். பேசும்போது குரல் மிகவும் நியாயமாக இருக்கும்.

மறுநாள் காலை பஸ் பிடித்து மார்த்தாண்டம் போய் அங்கிருந்து சிதறால் போனேன், அந்தப் பாறையை என் கண்ணால் பார்க்க. அவளுக்குப் போன் செய்யவில்லை. பத்தரை மணி வெயிலில் மூச்சு வாங்க ஏறினேன். பாதி வழியில், கொல்லாமரத்து நிழலில், பாறையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இன்னும் திருப்பித் தராத டேப். பக்கத்தில் தண்ணீர் குப்பி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. பயப்படவும் இல்லை. எதிர்பார்த்திருந்தவள் போல் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

நான் உட்காரவில்லை. முதலில் நான் சொன்னது, "டேபக் கொடு."

கொடுத்தாள்.

"முப்பத்தெட்டு பேரு சைலஜா. முப்பத்தெட்டு பேருக்க பேர்ல பொய் எழுதி வச்சிருக்க. என்ன தைரியம் உனக்கு? நான் அத மேடைல வாசிச்சேன். நீ அங்கதான நின்ன? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"பொய் எழுதல டீச்சர்."

"பின்ன?"

"பேரு மட்டுந்தான் அவியளுக்கது. எழுதினதுல ஒண்ணுகூட பொய் இல்ல."

எனக்கு உடனே புரியவில்லை. அரிசி, ஃபேன், கடையில் தன் குரலுக்கே ஞெட்டித் திடுக்கிடுவது என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் வந்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முப்பத்தெட்டு பேரும் அவள் ஒருத்திதான். அவளுடைய வார்த்தைகளை அவள் முன்னாலேயே வாசித்து, அவற்றை மற்றவர்களிடமிருந்து வாங்கி வந்ததற்காக அவளுக்கே கைதட்ட வைத்திருக்கிறேன்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். பன்னிரண்டாவது வீட்டில் ஒரு அம்மாள், முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தவர். நோய் வந்தால் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டதற்கு அக்கா, மைனி, எதிர்வீட்டுக்காரி என்று மூச்சுவிடாமல் பேர் சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்துச் சிரித்துக்கொண்டே, "பிள்ள யாரிட்ட சொல்லுவா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்.

"அண்ணன் உண்டுண்ணு சொன்னேன் டீச்சர். சொல்லிட்டு வெளிய வந்து அடுத்த வீட்டு கேட்டப் பிடிச்சேன். திறக்க கை வரல. மறுநாளும் வந்தேன். வரல. பஸ்ச விட்டு இறங்கினா காலு இஞ்சோட்டு வருது. படிவம் முடிஞ்ச பெறவும் தினமும் வரேன். பகல் முழுக்க இருப்பேன். நாலு மணிக்கு இறங்கிப் போவேன்."

"எங்கிட்ட சொல்லிருக்கலாமே சைலஜா."

"நீங்க எப்பம் கேட்டிய?"

குற்றம் சாட்டும் குரலே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல் இருந்தது. 

அவள் புடவைத் தலைப்பைச் சரி செய்வதுபோல் இடது மார்பின் மேல் கையை வைத்தாள்.

"இஞ்ச ஒரு கட்டி இருக்கு டீச்சர். பயிற்சிக்கு வரும்போவே இருந்தது. இப்பம் வலுசாயிட்டு."

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் எங்களுக்குக் கேள்வி தயாரித்துக் கொடுக்கவில்லை. துறை ஆட்களும் சேர்த்துப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த அறையில், தனக்குத் தெரிந்த ஒரே வழியில், சொல்லிப் பார்த்திருக்கிறாள். நான் அதைக் குறித்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றேன்.

அன்று மத்தியானமே மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அந்த வாரமே திருவனந்தபுரம். தாமதம்தான், ஆனால் கைமீறிப் போகவில்லை என்றார்கள். அறுவை சிகிச்சையும் அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மருந்தும் நடந்தன. அறிக்கை போகவில்லை. முப்பத்தெட்டு படிவங்கள் உண்மையான நேர்காணல்கள் அல்ல, மேற்பார்வை செய்யாத தவறு என்னுடையது, அவற்றை நீக்குகிறேன் என்று அமைப்புக்கு எழுதினேன். அவள் உடம்பைப் பற்றி எழுதவில்லை. ஆய்வை நிறுத்திவிட்டார்கள். கல்லூரியில் விசாரணை வந்தது. என் பேர் போதுமான அளவுக்குக் கெட்டது. அதை விடுங்கள். நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னேன், ஓர் உயிரையும் காப்பாற்றினேன் என்று உள்ளுக்குள் சின்ன நிம்மதிகூட இருந்தது. இதை எழுதும்போது அந்த நிம்மதிதான் மற்ற எல்லாவற்றையும்விட என்னைத் திடுக்கிட வைக்கிறது.

சிகிச்சை முடிந்து சில மாதம் ஆகியிருக்கும். நானும் ஓய்வு பெற்றிருந்தேன். ஒரு நாள் காலை சைலஜா என் வீட்டுக்கு வந்தாள். தலைமுடி குட்டையாக வளர்ந்திருந்தது. செருப்பெல்லாம் செம்மண். சாயா கொடுத்தேன், தொடவில்லை.

"டீச்சர், நான் அந்த முப்பத்தெட்டு வீட்டுக்கும் போய்ட்டிருக்கேன்."

"எதுக்கு? ஆய்வே இல்லியே இப்பம்."

"ஆய்வுக்கு இல்ல. அவியளுக்க பேர எடுத்தேன்லா. முகமாவது பாக்கணும்ணு தோணிச்சு. சும்மா போய், காலேஜ்ல இருந்து வர வேண்டியவ நான், வரல, மன்னிச்சுக்கணும்ணு சொல்லுவேன். சில ஆளு உள்ள கூப்பிடும். சில ஆளு ஏசும். பதிமூணு வீடு போயாச்சு."

"பதினாலாவது வீட்டுக்கு இன்னும் போவலியா?"

 

"ஆளு இல்ல டீச்சர். செத்துப்போனாரு."

கீரிப்பாறை எஸ்டேட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியவர். மனைவி போன பிறகு தனியாக இருந்தார். மகன் சவூதியில். வீடு பூட்டியிருந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கிறாள். காய்ச்சலில் கிடந்திருக்கிறார், யாருக்கும் தெரியவில்லை, பால் கொண்டு வருகிறவர் மூன்றாம் நாள் கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறார். எப்போது என்று கேட்டாள். அவர்கள் சொன்ன நாளைக் கேட்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

"அவருக்க படிவத்த எழுதின நாளு எனக்கு மறக்காது டீச்சர். அன்னைக்கு எனக்க பெறந்தநாளு. பாறைல இருந்து எழுதினேன். அதுக்கு பன்னிரண்டு நாளு கழிச்சுத்தான் அவரு போயிருக்காரு. நான் எழுதும்போ அவரு இருந்தாரு. மலைய விட்டு இறங்கினா பத்து நிமிசம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"இன்னும் இருக்கு. அந்தப் பக்கத்து வீட்டு அம்மா என்ன சொன்னா தெரியுமா? காலேஜ்ல இருந்து ஆளு வரும்ணு கடுதாசி வந்திச்சாம். மனுசன் எப்பமும் வேட்டி மட்டும் உடுத்திட்டுதான் இருப்பாராம். அந்த ஒரு வாரம் காலத்தயே எந்திச்சு சட்டையும் போட்டு, வராந்தால ரெண்டு கசேரியும் இழுத்துப் போட்டு, ரோட்டப் பாத்துட்டே இருந்தாராம்."

அந்தக் கடிதம் என்னுடையது. பட்டியலில் இருந்த எல்லா வீட்டுக்கும் ஆய்வாளர் வருவார் என்று முன்கூட்டியே அனுப்பியது. அடியில் என் கையெழுத்து.

முப்பத்தெட்டு படிவங்களை நீக்கியபோது என் விரல் ஒரு பொத்தானைத்தான் அழுத்தியது. அந்த முப்பத்தெட்டு பேரும் காத்திருப்பார்களே, அங்கே யாராவது போக வேண்டுமே என்று எனக்குத் தோன்றவில்லை. பிழையான தரவு என்று மட்டும்தான் தெரிந்தது. தனிமையைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியவளுக்குத் தோன்றவில்லை. சைலஜாவிடம் 'உன் தப்பு இல்லை' என்று சொல்லும் வார்த்தை நாக்குவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் தப்புதான். அவள் தப்பைவிட என் தப்பு பெரிது. இரண்டையும் குறைத்துச் சொன்னால் சட்டை போட்டுக் காத்திருந்த மனிதர் ஒன்றுமில்லாமல் போய்விடுவார்.

 அவள் அழுதாள். நான் அழவில்லை. பிறகு அவள் ஆறிப்போன சாயாவை எடுத்துக் குடித்துவிட்டு எழுந்தாள்.

"எங்க போற?"

"பதினஞ்சாவது வீட்டுக்கு."

நான் செருப்பைத் தேடினேன். மேற்பார்வை என்ற பெயரில் அலுவலகத்தில் உட்கார்ந்து, நானாக ஒரு வீட்டுக் கதவைத் தட்டி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.  பஸ்ஸில் அவள் வீடு எந்தத் தெருவில் என்று கேட்டேன். சொன்னாள். போகும் வழியில் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாள். மஞ்சள் சுவர், கிணற்றுப் பக்கம் ஒரு முருங்கை.

சிதறாலில் இறங்கி, மலைக்குப் போகும் வழியை விட்டு, இடது பக்கம் திரும்பினோம். சின்ன ஓட்டு வீடு. வாசலில் யாரும் இல்லை. கேட் பாதி திறந்திருந்தது. கதவு சாத்தியிருந்தது. சைலஜா என்னைப் பார்த்தாள்.  நான் தட்டினேன். சத்தம் இல்லை. அவள் தட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே கட்டில் நகரும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ, மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள்.